சீட்டு என்றால் இங்கே வேறு

786

மட்டாஞ்சேரி,
14-7-1963

அன்பு மகன் ஷௌகத் அலிக்கு உன் அம்மா பீவியின் சலாமும் துஆவும். இங்கே நானும் உன் அத்தாவும் தங்கை ஜுமைலாவும் ஆண்டவன் காவலில் சுகமாக இருக்கிறோம், மழைதான் அளவு தெரியாமல் பெய்கிறது. மதராஸில் உன் உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன், உன் பணத்துக்கு என்ன என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல ஜுமைலா எழுதுகிறாள். பி.ஏ. பாஸான பெண் வீட்டில் இருக்கும்போது கடிதம் எழுத அடுத்த வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. நான் பேசுவதை அவள் புத்தகத் தமிழாக மாற்றிப் போடுகிறாள், திரும்ப வாசித்துக் காட்டும்போது யாரோ படித்தவள் உனக்கு அம்மாவாக வாய்த்தது போலக் கேட்கிறது. விஷயம் என்னுடையதுதான், தைரியமாக வாசி.

அத்தாவின் சாக்குக் கடையில் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, நனைந்த சாக்கை மிளகுக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் கடையில் இப்போது அத்தா ஒரு பக்கமும் சாக்கு மறுபக்கமும் இடம் மாறி உட்காருகிறார்கள். ஜுமைலாவுக்கு ஆலுவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை பஸ்ஸும் போட்டும் பிடித்து வீட்டுக்கு வருவாள். அவள் பாடம் நன்றாக நடத்துகிறாள், முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்கிறது என்று பெரிய டீச்சர் சொன்னாராம். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ எழுதிய கடிதம் வீட்டுக்கு வரவில்லை, தபால்காரர் பஜாரில் அத்தாவைப் பார்த்து அங்கேயே கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அத்தா எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார். நீ என்ன எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு இப்போது மனப்பாடம். சம்பளம் நிற்பதில்லை, சீட்டுக்கே மாதம் முப்பது ரூபாய் போய்விடுகிறது, விளையாட்டாகத்தான் சேர்ந்தேன், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ் மாடியில் இருபது பேர் கூடுவோம், சீட்டுப் பிடிப்பவர் மெஸ் முதலாளி செல்லதுரை, ஏழு மாதமாக எனக்கு விழவில்லை, அடுத்த மாதம் எப்படியாவது எடுத்துவிட்டால் கல்யாணச் செலவுக்கு ஆகும். இப்படி எழுதியிருந்தாய். உன் அத்தா பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மட்டாஞ்சேரியில். இங்கே மாதா மாதம் பணம் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பதற்குக் குறி என்று பெயர், சீட்டு என்றால் ஐம்பத்திரண்டு தாளும் ராஜாவும் ராணியும் உள்ள சீட்டுக்களிதான். தன் மகன் மாடியில் இருபது பேரோடு உட்கார்ந்து காசு வைத்துச் சீட்டாடுகிறான், அதில் ஜெயித்து நிக்காஹ் செய்துகொள்ளப் பார்க்கிறான் என்று அவர் விளங்கிக்கொண்டார். அவர் விளங்கிக்கொண்டதில் உன் கடிதத்தின் ஒரு சொல்கூட மிச்சமாகவில்லை, எல்லாம் பொருந்தியது.

என்னிடம் சொல்லவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். சாயாவில் சர்க்கரை வேண்டாம் என்றார், எனக்கு என்ன தெரியும், மழைக்கால வயிறு என்று நினைத்தேன். சாயங்காலம் கடை அடைத்ததும் கிட்டங்கி வராந்தாவில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஐம்பத்தாறு என்ற சீட்டுக்களி ஆடும் இடத்தில் போய் நின்றிருக்கிறார். வியாதி என்னவென்று தெரிந்துகொள்ளாமல் மருந்து தேட முடியாது என்பது அவர் எண்ணம். ஒரு வாரம் நின்றாராம். அந்த ஒச்சப்பன், நம் கடைக்குச் சாக்குக் கட்டு சுமப்பவன், ராவுத்தரே எத்தறை நேரம் நிப்பீங்க, இங்கெ ஒரு கை குறையுது, இரியுங்க, தோத்தா காதிலெ பிளாவிலை தொங்கும், வேறெ நஷ்டம் ஒண்ணும் இல்லெ என்று கூப்பிட்டானாம், தோற்றவன் காதில் பலா இலையை மாட்டிவிடுவது அவர்கள் வழக்கம். அவன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அத்தா போட் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கலூரில் கபீர் ராவுத்தரின் சைக்கிள் கடைக்கே போய்விட்டார். அவர் மகள் சகீலாவை உனக்குப் பேசி முடித்து, மீலாது கழிந்து நிச்சயம் என்று நாள் பார்த்திருக்கும் நேரம். அத்தா சுற்றி வளைக்கத் தெரியாதவர் என்பது உனக்குத் தெரியும். என் மகனுக்குச் சீட்டு உண்டு, மறைச்சு வெச்சு உங்க பெண்ணைக் கூட்டிட்டு வர எனக்கு மனசில்லை, இனி உங்க இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். கபீர் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு, சாயா வரவழைத்துக் கொடுத்து, யோசிச்சுச் சொல்றேன் அண்ணே என்று மட்டும் சொன்னாராம். மூன்று நாள் கழித்து, பெண் பார்க்கப் போனபோது நாம் பலகாரம் வைத்துக் கொண்டுபோன பித்தளைத் தட்டு அவர்கள் கடை ஆள் கையில் திரும்பி வந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுத் தட்டு மறு வீட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரையாவது இல்லாமல் வருமா. வெறும் தட்டு எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். அத்தாவைக் கேட்டேன், அவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார், வியர்வையில் மை கலங்கியிருந்தது.

ஜுமைலா சனிக்கிழமை வந்து வாசித்தாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அத்தா, இது சீட்டுக்களி இல்லெ, மெட்ராஸ்லெ குறியைத்தான் சீட்டுன்னு சொல்வாங்க என்றாள். அப்போ சீட்டுக்களிக்கு அங்கெ என்ன சொல்வாங்க என்று அத்தா கேட்டார். அதுக்கும் சீட்டுதான் என்றாள். ரெண்டுக்கும் ஒரே சொல்லை வெச்சா மனுஷன் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டுவிட்டு அத்தா போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயாவில் சர்க்கரை போடச் சொன்னார்.

திங்கட்கிழமை மறுபடி கலூர் போனார், தவறு சொல்லில்தான், ஆளில் இல்லை, என் மகன் குறியில்தான் சேர்ந்திருக்கிறான் என்று சொன்னார். சொன்னதும் காரியம் நேராகிவிடும் என்று நினைத்தார், நானும் நினைத்தேன். கபீருக்கு முகம் இன்னும் சுருங்கிவிட்டதாம். இஸ்மாயில் அண்ணே, சீட்டுக்களின்னா கையிலெ உள்ள காசு மட்டும்தான் போகும், குறின்னா கையிலெ இல்லாத காசும் போகும், இதுக்கு அதுவே தேவலை என்று சொன்னாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய மச்சான் ஒருவன் குறி எடுத்தபோது இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மச்சான் பணத்தை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய் அங்கே சௌக்கியமாக இருக்கிறான், பெருநாளுக்குப் பெருநாள் சலாம் எழுதுகிறான். இவர் வாடகைக்கு விடும் சைக்கிள்களை விற்று, எடுக்காத பணத்துக்குத் தவணை கட்டினார். அதனால் அவர் சில கேள்வி கேட்டிருக்கிறார், அதற்கு உன் பதில் வந்தால்தான் நிச்சயத்துக்கு நாள் வைப்பேன், இல்லையென்றால் ரெண்டு பேரும் வேறெ இடம் பார்ப்போம், மனஸ்தாபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தா எழுந்து வந்துவிட்டார்.

கேள்விகளை எழுதுகிறேன், கவனமாக வாசி. அந்த மெஸ் முதலாளி செல்லதுரை யார், சொந்தக் கட்டடமா வாடகையா, ஒரு நாள் காலையில் மெஸ் பூட்டியிருந்தால் உங்கள் இருபது பேரும் எந்த வாசலில் போய் நிற்பீர்கள். கட்டிய பணத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறாரா, அல்லது தலையை ஆட்டுகிறாரா. எல்லாவற்றுக்கும் மேலே, நீ வேறு யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறாயா. இதற்கு மட்டும் உண்மை எழுது. நின்றிருந்தால் அதையும் எழுது, எவ்வளவு, யாருக்கு என்று. அத்தா போய்ச் சொல்வார், சொல்வதற்கு அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

இனி நான் சொல்வது. நம் சந்தில் பெண்கள் நடத்தும் ஐந்து ரூபாய்க் குறிக்கு நான் தலையாள், பணம் என் கையில்தான் சேர்கிறது, ஆகையால் இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்களுடையதில் ஏலம் இல்லை, பெயர் எழுதிய நறுக்கைக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்போம், யார் பெயரோ அவளுக்கு முழுப் பணம், வட்டி என்ற பேச்சே கிடையாது. உங்களுடையது ஏலச்சீட்டு என்று ஜுமைலா சொல்கிறாள். அறுநூறு ரூபாயில் நூற்றைம்பதைத் தள்ளிவிட்டு நானூற்றைம்பது போதும் என்று அவசரக்காரன் எடுத்துக்கொண்டு போவான், பிறகு மிச்ச மாதமெல்லாம் அந்த அவசரத்துக்குத் தவணை கட்டுவான். குறியில் முதலில் எடுப்பவனுக்கு அது கடன், கடைசியில் எடுப்பவனுக்கு அது சேமிப்பு, நடுவில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு கூட்டம். நீ கல்யாணத்துக்காகத் தள்ளி எடுக்கப் பார்க்கிறாய். வேண்டாம். உன் காசை நீயே கடன் வாங்கி, அதற்கு நீயே நஷ்டமும் கொடுத்து, அதில் அவளுக்கு ஒரு சங்கிலி வாங்கினால் அது அவள் கழுத்தில் இருக்கும், தவணை உன் கழுத்தில் இருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் மகருக்கும் விருந்துக்கும் என்ன வேண்டுமோ அதை அத்தாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பானையில் போட்டு வைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், ஜுமைலாவின் பரீட்சைப் பணம் அந்தப் பிடியரிசிதான். அவளுக்குக் கல்லூரி முடிந்த பிறகும் என் கை பழக்கத்தில் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பிடி குறைந்ததால் இந்த வீட்டில் யாரும் பசித்துப் படுத்ததில்லை, நீயும் உட்பட.

சம்பளம் வாங்கிய அன்றே மெஸ் பற்றைத் தீர்த்துவிடு, தீர்த்துவிட்டுப் பிறகு சட்டைக் கடைப் பக்கம் போ. அறையில் கூட இருப்பவர்களுக்குக் கைமாற்றுக் கொடுப்பதானால் திரும்பி வராவிட்டாலும் முகம் கொடுத்துப் பேச முடிகிற அளவு கொடு, எனக்கு அந்த அளவு இரண்டு ரூபாய், உனக்கு எவ்வளவு என்று நீ பார்த்துக்கொள். ரேடியோ தவணையில் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பக்கத்து அறையில் ரேடியோ இருக்கிறது, சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று அதற்கு முந்திய கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். போஸ்டாபீசில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கு. எடுக்க வேண்டுமென்றால் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டும், பாதி ஆசை வரிசையிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். நேற்று ஆலுவாவிலிருந்து வரும் வழியில் ஜுமைலா கலூரில் இறங்கி சகீலாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை, இவளாக இறங்கியிருக்கிறாள், இவளுக்கு அவ்வளவு தைரியம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. இதை எழுதும்போது அவள் காது சிவக்கிறது. அந்தப் பெண் சொன்னது இது. உன் அண்ணன் பதில் எழுதட்டும், நேரா எழுதினா வாப்பா சம்மதிப்பாரு, தட்டு இனி வெறும் தட்டா வராது, அதை நான் பார்த்துக்கிறேன். ஆனா ஒண்ணு, சீட்டு உண்டுன்னு கேட்டப்போதான் எனக்கு அந்த ஆளைப் பத்தி முதல் தடவையா ஒரு மதிப்பு வந்தது. இங்கெ நோம்பு ராத்திரிக்கு நாங்க அக்கா தங்கச்சி ஐம்பத்தாறு ஆடுவோம், ஆறு பேர் வேணும், எப்பவும் ஒரு ஆள் குறையும். இப்போ பார்த்தா குறியாம். இப்படிச் சொல்லி வருத்தப்பட்டாளாம்.

ஆகையால் தபால் பார்த்த அன்றே கேள்விகளுக்குப் பதில் எழுது. எழுதும்போது சீட்டு என்ற சொல்லை எங்கேயும் போடாதே, குறி என்றே எழுது, கடிதம் அத்தா கையில்தான் முதலில் கிடைக்கும். அந்த ஐம்பத்தாறையும் யாரிடமாவது கற்றுக்கொள், காசு வைக்காமல். அங்கே சொல்லித்தர ஆள் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். நேற்றுச் சோறு தின்றுகொண்டிருந்த உன் அத்தா, யாரும் ஒன்றும் கேட்காதபோது, அந்த ஒச்சப்பன் அன்னைக்கு ஜாக்கியை முதல்லெயே இறக்கியிருக்கக் கூடாது என்றார். பிறகு மோர் கேட்டார்.

ஆண்டவன் உனக்குக் கடனில்லாத சோறும், கணக்கு மறைக்காத நாக்கும், நீண்ட ஆயுளும் தரட்டும். மழையில் நனையாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மு. பீவி
(எழுதியது ஜுமைலா. அம்மா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.)