மிண்டூர் என்றொரு ஊர்

என் கோமு அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் உட்கார்ந்துகொள். மிண்டூர் அம்மா லிஃப்டில் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கரியாஹாட்டில் நாம் படியேறிப் படியேறி அலுத்துப்போன அதே ஐந்து மாடிக் கட்டடத்தில், பளபளவென்ற கண்ணாடிக்கு முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். நீ இல்லாமல் போனாயே என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்துப் பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அவருக்கு மாற்றலாகி வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. எனக்கு வங்காளி நான்கு வார்த்தை தெரியும், அதில் இரண்டு காய்கறி. நீயோ நம்ம ஊர்க் குடும்பம்தான் என்றாலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கரியாஹாட்டில் ஒரு பலசரக்குக் கடை மாடியில், வீட்டு வேலை செய்யும் பெண்களைக் கூட்டி, சமிதி என்று ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தாய். கானிங் லோக்கல் ரயிலில் வந்து நான்கைந்து வீடு பார்க்கும் பெண்கள், காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் வந்து உட்கார்வார்கள். "டீச்சர்தானே, நோட்டுல பேர எழுது" என்று என்னிடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்தாய்.

எழுதினேன். ஒருத்தி 'மிண்டூர் மா' என்றாள். இன்னொருத்தி 'மொண்டூர் மா'. மூன்றாமவள் 'புலூர் மா'. நான் திருநெல்வேலிக்காரி இல்லையா? கடையநல்லூர், ஆத்தூர் மாதிரி இவையும் ஊர்கள் என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைக்கு ஒரு 'அம்மா'வும் சேர்த்தேன். மிண்டூர் அம்மா, மொண்டூர் அம்மா, புலூர் அம்மா. பக்கம் முழுக்க ஊர்ப்பெயர்கள்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் விவகாரம் வந்தது. அந்தக் கட்டடத்தில், 'வேலை செய்பவர்கள் படிக்கட்டில் செல்லவும்' என்று ஒரு போர்டு. மிண்டூர் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். ஐந்தாம் மாடி வீட்டுக்குத் தினம் இரண்டு தடவை ஏற வேண்டும். ஏற முடியாத அன்றைக்கு வேலையும் போய்விடும். நீ மனு எழுதினாய். கீழே என் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை நான் இங்கிலீஷில் எழுதினேன். பெருவிரல் ரேகை வாங்கினோம்.

கட்டடக் கமிட்டிச் செயலாளர் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாரே, நினைவிருக்கிறதா? "மிண்டூரா? அது எந்த ஜில்லா? பேரே இல்லாதவங்க மனுவை நான் கமிட்டியில எப்படி வைக்கிறது?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்துதான் நீ அந்தத் தாளைச் சரியாகப் பார்த்தாய்.

"ஏட்டி செண்பகம், மிண்டூருன்னு ஒரு ஊரு எங்கட்டி இருக்கு? மிண்டு அவ மவன்லா! வங்காளியில 'மிண்டூர் மா'ன்னா மிண்டுவோட அம்மான்னு அர்த்தம். அதுக்குப் போயி பஸ் ரூட்டு கேப்ப போலிருக்கே!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டேன். "சரிக்கா, அப்போ அவ பேரு என்ன?"

உன் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக உன்னோடு இருந்தவள். திரும்பி, வாசலில் காத்திருந்த அவளிடமே கேட்டாய். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அப்புறம், யாருடைய பெயரையோ சொல்வது போல, "பிரதிமா" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம்.

"பாதித் தப்பு அந்த ஆள் மேல. மீதி நம்ம மேலட்டி," என்றாய். அடுத்த மனுவில் ரேகை கிடையாது, ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

எனக்கே வங்காளி எழுத்து தெரியாது. அவர்களோடு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். பிரதிமாவுக்கு முதல் எழுத்தே மலையாக இருந்தது. 'ப'வின் அடியில் ஒரு வளைவு இழுத்தால்தான் 'ப்ர'. "மீனுக்கு வால் போடுவது போல இழு" என்றேன். "வாலில்லாத மீனை நான் வாங்கினதே இல்ல தீதி" என்று ஒரே இழுப்பில் போட்டாள். அன்று நீ கைதட்டியது இன்னும் கேட்கிறது.

வருடங்கள் போயின. சிலர் வேலையை இழந்தார்கள், சிலர் பயந்து நின்றுவிட்டார்கள், இரண்டாவது மனு காணாமலே போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "போர்டு இறங்குதத நான் பாக்கணும்" என்றாய். பார்க்காமலே போய்ச் சேர்ந்தாய். அந்தக் குறை எனக்கு ஆறாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குள் நான் போகவில்லை அக்கா. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களே உள்ளே போனார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து, புது மனுவில் தானே எழுதிய தன் பெயரை உரக்கப் படித்தாள். கடைசியாகப் பிரதிமா.

"செயலாளர் பாபு, பேர் எல்லாம் இருக்கு. சரிபார்த்துக்குங்க. நாளையிலிருந்து லிஃப்ட் இல்லேன்னா, நாங்க யாரும் முதல் மாடிக்கு மேல வர மாட்டோம்."

செயலாளர் வீடு நான்காம் மாடி! அவர் மனைவி முதலில் கை தூக்கினார். ஐந்தாம் மாடி மாஷிமா, பிரதிமா வேலை பார்க்கும் வீட்டுப் பெரியம்மா, எழுந்து, "இத்தனை வருஷமா என் சமையலறையில நிக்கிறா. அவ பேரு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கே வெட்கமா இருக்கு" என்றார். அப்புறம் எத்தனை கை என்று எண்ணவே தேவைப்படவில்லை. காவலாளியே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

போர்டை என்ன செய்தோம் தெரியுமா? சமிதிக்குத் தூக்கிவந்து, திருப்பி, ஆணியில் மாட்டிவிட்டோம். பின்பக்கம் நல்ல கறுப்பு. சாக்பீஸ் அழகாக எழுதுகிறது.

முதலில் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தபோது பிரதிமா என்னிடம் கேட்டாள்: "தீதி, நம்ம பெரிய தீதியோட பேர் என்ன?"

நான் திகைத்துப்போனேன். இத்தனை வருடமும் அவர்களுக்கு நீ வெறும் பெரிய தீதி, பெரியக்கா. கோமதி என்றேன். அவள் எழுதினாள். வங்காளியிலும் 'கோ' நம்முடையது போலத்தான் அக்கா, எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். பிரதிமா இரண்டு பக்கமும் அழுத்தி எழுதினாள். அதன் கீழேதான் மற்ற எல்லாப் பெயர்களும்.

அதே தெருவில் இன்னொரு கட்டடம் இருக்கிறது, ஆறு மாடி. லிஃப்ட் பக்கத்தில் அதே மாதிரி ஒரு போர்டு. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதையும் இறக்குவோம். அதன் பின்பக்கத்திலும் உன் பெயரைத்தான் முதலில் எழுதுவோம், இது என் வாக்கு.

உன் உடன்பிறவாத் தங்கை,
மிண்டூரைக் கண்டுபிடித்த
செண்பகம்