மூன்று வேளைத் தீவனம்

வைகாசி 3, வெள்ளி

செல்வி அக்காவின் மாடு வெளியேற்றும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இந்த வாரம் நன்றாகக் குறைந்திருந்தது. வைக்கோலைக் குறைத்துத் தானியத் தீவனம் கொடுக்கச் சொன்னது என் ஆய்வு. மதியம் கருவியில் வாயு அளவைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். பிறகுதான் மாட்டைப் பார்த்தேன். படுத்திருந்தது. அசைபோடவில்லை.

அக்கா உப்பளத்திலிருந்து திரும்பியதும் கேட்டேன். "தீவனத்த மூணு வேளையா பிரிச்சு வெச்சீங்களாக்கா?"

"யாருப்பா வெக்கிறது? நான் இருட்டோட உப்பளம் போயிடுறேன். மொத்தத்தையும் காலையிலயே கொட்டிட்டுதான் போறேன். நல்லாதான் தின்னுச்சு."

கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். ஒரேயடியாகத் தின்ற தானியம் வயிற்றில் புளித்துவிட்டதாம். பிழைப்பது கஷ்டம் என்றார். வயிறு வேலை செய்யாததால்தான் வாயுவும் குறைந்திருக்கிறது.

ஆய்வைத் தொடங்கியபோது, மாடு என்ன தின்கிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதினேன். மதியம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. அக்கா விடியுமுன் உப்பளம் போகிறவள் என்பது எனக்குத் தெரியும்.

மருத்துவர் போனபின் அக்கா கேட்டாள். "வாயு கொறையணும்னியே தம்பி, கொறஞ்சுதா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. குறைந்தது என்றேன்.

"சரி" என்றாள். மாட்டின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.