கொப்பரை ஓடையின் சரித்திரமும் பூகோளமும்

கொப்பரை ஓடை,
டாக்கெட் மாவட்டம், கென்டக்கி.
1913 அக்டோபர் 19

அன்பு மகள் டெல்ஃபாவுக்கு,

இதை எழுதுவது உன் அப்பா ஏசாதான். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லை. எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. இந்த வரிக்கு வருவதற்குள் நடுவில் எழுந்து பசுவைக் கறந்துவிட்டு வந்தேன். அவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

நீ ஆர்விலைக் கட்டிக்கொண்டு போன அன்று வாசலில் நின்று ஒரு சொல் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கடைக்காரனைக் கொண்டு எழுதியிருக்கலாம். என் தப்பு அவன் வாயில் புகுந்து வெளியே வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது என் கையாலேயே எழுதுகிறேன். அன்று சொன்னது தப்பு. உன் விலாசத்தை ஆர்விலின் அத்தை கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சில் எங்களுக்குப் பள்ளிக்கூடம். கிழவன் கிழவிகள் மட்டும் பதினெட்டுப் பேர். வாத்தியார் பெயர் ப்ரூயிட். வெளியூர்க்காரர், முப்பது வயது இருக்கும். எங்களிடம் சம்பளம் வாங்குவதில்லை. தாள், பென்சில் எல்லாம் அவரே கொண்டுவருகிறார். நான் முதன்முதலாக என் பெயரை எழுதியபோது பக்கத்துக் காட்டு ஜூபல் எட்டிப் பார்த்தான். "இதுவாடா நீ? நேர்ல இன்னும் கோணலாவுல்ல இருப்ப" என்றான்.

போன வாரம் சரித்திரப் பாடம். நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். உள்நாட்டு யுத்தத்தில் கோர்ட்டு எரிந்தபோது பழைய பத்திரமெல்லாம் சாம்பலாகிவிட்டது அல்லவா. "இந்த மாவட்டத்தோட சரித்திரம் இப்ப உங்க தலைக்குள்ளதான் இருக்கு" என்றார் வாத்தியார். எங்களைப் பற்றி அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை. உன் அம்மாவின் தாத்தா மலையைத் தாண்டி வந்தபோது கொப்பரையை ஓடையில் தவறவிட்டுக் குளிர்காலம் முழுக்கத் தொப்பியில் சமைத்தாரே, அதை எழுதினேன். நிலம் அவருக்குப் பின் அவர் மகன் அம்புரோஸுக்கு, பின் அம்புரோஸின் ஒரே மகளான ரோடாவுக்கு, ரோடா போனபின் அவள் பெற்ற ஒரே பெண்ணான உனக்கு, நான் உயிரோடு இருக்கிறவரை எனக்கு அனுபவ பாத்தியம் மட்டும் என்றும் எழுதினேன். வாத்தியார் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"பொண்ணு இப்ப எங்க இருக்காங்க, பெரியவரே?"

"ஒஹாயோவுல. ஹாமில்டன்."

"அதையும் எழுதிருங்க. சரித்திரம்னா முழுசா இருக்கணும்."

தபால் ஆபீஸ் பதினாலு மைல். கடிதங்களை அவரே கொண்டுபோய்ச் சேர்க்கிறார், எங்களுக்கு வருவதையும் வாங்கிவருகிறார். நல்ல மனிதர்.

உன் அப்பா,
ஏசா நேப்பியர்

*

ஹாமில்டன், ஒஹாயோ.
1913 நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்ததும் அடுப்பில் இருந்த பீன்ஸ் தீய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை. நீங்கள் வாசலில் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் இனிமேல் நினைக்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். நெட்டி. ஆறு வயது. உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "தாத்தா எழுத்து என் எழுத்தைவிட மோசம்" என்று சந்தோஷப்படுகிறாள். ஆர்வில் வார்ப்படச் சாலையில் வேலை செய்கிறார். தூசியில் நெஞ்சு கெட்டுவிட்டது. இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. நான் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். இதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஆர்விலுக்குக் கௌரவம் அதிகம்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

அன்பு மகள்,
டெல்ஃபா

*

கொப்பரை ஓடை.
1913 டிசம்பர் 14

அன்பு மகளுக்கு,

நெட்டியிடம் சொல், தாத்தா பெரிய எழுத்து முடித்துச் சின்ன எழுத்துக்கு வந்துவிட்டார் என்று. அவள் தயாராக இருக்கட்டும்.

சம்பளம் யார் என்று நீ கேட்டதை வாத்தியாரிடமே கேட்டேன். "கல்வி மேல அக்கறை உள்ள கனவான்கள்" என்றார். இருக்கட்டும்.

இந்த மாதம் பூகோளம். மாவட்டத்தின் மலை, ஆறு எல்லாம் ஆன பிறகு, அவரவர் நிலத்தை மரத்துக்கு மரம் எழுதச் சொன்னார். இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பன்றிமூக்குப் புடைப்புள்ள வெள்ளை ஓக்கில் தொடங்கி, ஓடையோடு ஏறி, பிளந்த பாறைக்கு வந்து, அங்கிருந்து ஒற்றைக்காது மலையின் முதுகோடு இடி விழுந்த செஸ்நட் வரை போய், ஊற்றுக்கு மேலாக இறங்கி, மறுபடி வெள்ளை ஓக். காலடி எண்ணிக்கொண்டே நடந்து பார்த்துவிட்டு எழுதினேன். நான்கு தாள் ஆனது. வாத்தியார் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். கீழே கையெழுத்துப் போடச் சொல்லி, புத்தகத்துக்காக எடுத்து வைத்துக்கொண்டார். ஊற்றுக்கு மேலே கறுப்பாக ஒரு கல்வரி மண்ணுக்குள் போகிறதே, அதன் அகலம் எத்தனை சாண் என்றுகூடக் கேட்டார். அவருக்கு எல்லாவற்றிலும் ஆசை.

ஜூபல் மட்டும் எழுதவில்லை. "என் வேலி எங்க இருக்குன்னு என் மாட்டுக்குத் தெரியும். அது பள்ளிக்கூடம் போவல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

மறுவாரம் ஜூபலின் ஊற்றில் யாரோ செத்த பன்றியைப் போட்டிருந்தார்கள். இப்போது அவன் நம் ஊற்றுக்கு வந்து தண்ணீர் எடுக்கிறான். யாருக்கு இப்படி மனம் வரும் என்று தெரியவில்லை.

அப்பா,
ஏசா நேப்பியர்

*

ஹாமில்டன்.
1914 ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே பனி முழங்கால் வரை. நெட்டிக்கு இருமல் வந்து போனது. நீங்கள் எழுதியிருந்த பன்றிமூக்கு மரத்தை அவளுக்கு வரைந்து காட்டினேன். வரும் வேனிற்காலத்தில் அங்கே வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆர்விலுக்கு நெஞ்சில் சளி இன்னும் இறங்கவில்லை. வைத்தியர் மலைக்காற்று நல்லது என்கிறார். எனவே நிஜமாகவே வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் ஒட்டுப் போர்வை இன்னும் இருக்கிறதா? அப்பா, இன்னொரு விஷயம், இதை நிதானமாகப்

(இரண்டாம் தாள்)

படியுங்கள். ஆர்விலின் சித்தப்பா பக்கத்து மாவட்டத்துக்காரர் அல்லவா. எழுத்துத் தெரியாத அவர் ஒரு பத்திரத்தில் குறி போட்டார். நிலத்தின் மேல்பக்கம் அவருடையது, அடியில் இருக்கிற நிலக்கரி வாங்கினவர்களுடையது என்று சொன்னார்களாம். அதே பத்திரத்தில் மரம் வெட்டலாம், ஓடையைத் திருப்பலாம், வீட்டை ஒட்டித் தோண்டலாம் என்றும் இருந்திருக்கிறது. இன்று அவர் வீடு இருந்த இடத்தில் கல்குப்பை இருக்கிறது.

உங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த சரித்திரம், யாருக்கு நிலம் சேரும் என்பது. பூகோளம், நிலம் எது வரை என்பது. கறுப்புக் கல்லின் அகலம் எந்தப் பாடம்? எரிந்துபோன பத்திரத்தை உங்கள் கையாலேயே திரும்ப எழுதி வாங்கிவிட்டார், அப்பா. இனிமேல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதங்களை அவரிடம் கொடுக்காதீர்கள்.

டெல்ஃபா

*

கொப்பரை ஓடை.
1914 பிப்ரவரி 22

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் ஒரு தாள்தான் இருந்தது. "இன்னொரு விஷயம், இதை நிதானமாகப்" என்று நிற்கிறது. அவசரத்தில் இன்னொரு தாளை மேஜையிலேயே விட்டுவிட்டாயா? வாத்தியாரிடம் காட்டினேன். "பனியில தபால் பை நனைஞ்சிருக்கும்" என்றார். தாள் நனைந்த மாதிரி இல்லை. போகட்டும், அடுத்ததில் எழுது.

நீங்கள் வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத இன்னும் வார்த்தை படிக்கவில்லை. போர்வை பத்திரமாக இருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் முடிந்தது. பட்டம் கொடுத்தார்கள். கழுத்தில் மிருக ரோமம் வைத்துத் தைத்த கோட்டுப் போட்ட ஒரு கனவான் டாக்கெட்வில்லிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொருவரும் மேஜைக்கு வந்து தடித்த தாளில் மசிப் பேனாவால் கையெழுத்துப் போட்டோம். அச்சடித்த எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது. வாசிக்கப் பார்த்தேன். "பின்னாடி வரிசை காத்திருக்கு, பெரியவரே" என்றார் வாத்தியார். சரி என்று போட்டேன். டெல்ஃபா, இதுவரை நான் எழுதியதில் அதுதான் அழகான கையெழுத்து. ஒரு கோணல் இல்லை.

இன்னொரு அதிசயம். நம் மரங்களில் சிவப்பு மையில் எண் எழுதியிருக்கிறார்கள். ஊற்றுக்கு மேலே இருக்கிற பீச் மரம் நாற்பத்தொன்று. எல்லா எண்ணையும் வாசித்தேன். ஒரு வைத்தியரும் வந்தார். நான் கூப்பிடவே இல்லை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று கூட வந்த வாத்தியாரிடம் சொன்னார். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். கம்பளிகூடக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை அக்கறை எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

அப்பா,
ஏசா நேப்பியர்

*

ஹாமில்டன்.
1914 மார்ச் 15

அப்பா,

இதை ஆர்விலின் தம்பி முறையான லெஸ்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்கமாட்டான். விட்டுப்போன தாளில் எழுதியிருந்ததைத் திரும்ப எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதை. மேஜையில் நீங்கள் எழுதிய சரித்திரத்தையும் பூகோளத்தையும் விரித்து வைத்தார். பன்றிமூக்கு மரம் என்று அவர் வாசித்ததும் நெட்டி ஓடிவந்து பார்த்து, "தாத்தா எழுத்து" என்றாள். உங்கள் கையெழுத்து ஆகிவிட்டதாம். என்னுடையது மட்டும் பாக்கியாம். "உங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா வேலைக்குப் போகலையே, அவர நல்ல ஆஸ்பத்திரியில நாங்க சேத்து விடுறோம்" என்றார்.

ஆர்வில் வேலைக்குப் போகாததை நான் யாருக்கும் சொல்லவில்லை, அப்பா. உங்களுக்கு எழுதினேன். அவ்வளவுதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆர்வில் நேற்றும் இரத்தமாக இருமினார். என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.

டெல்ஃபா

*

கொப்பரை ஓடை.
1914 மார்ச் 28

அன்பு மகளுக்கு,

லெஸ்டர் காத்திருக்கிறான். இருந்தாலும் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் ஜூபலோடு டாக்கெட்வில்லுக்குப் போனேன். கோர்ட்டில் பெரிய புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். குமாஸ்தா, "நான் படிச்சுச் சொல்றேன், தாத்தா" என்றான். "நான் படிப்பேன்" என்றேன். இரண்டு நாள் நின்றுகொண்டே வாசித்தேன். எறும்பு வரிசை முழுக்க. நீ சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. மரம், ஓடை, ஊற்று, வீட்டு வாசல் வரை. பதினேழு பேர் பெயரும் ஒருவர்பின் ஒருவராக இருக்கிறது. எல்லாம் எங்கள் வகுப்பு. அதற்கு முன் இந்த மாவட்டத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினவர் யாருமில்லை.

ஆனால் என் பெயருக்குக் கீழே ஒரு வரி தனியாக இருந்தது. மகள் கையொப்பமிடாதவரை இந்தப் பத்திரம் ஏசா நேப்பியர் உயிரோடிருக்கும் காலத்துக்கு மட்டுமே செல்லும். நிலம் உன்னுடையது அல்லவா. நான் வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி. வாசித்துக் காட்டியதும் ஜூபல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அதான் உனக்குக் கம்பளியும் டாக்டரும். நீ செத்தா அவனுங்களுக்கு ஒண்ணுமில்லடா. இனிமே உன்ன அடைகாப்பானுங்க."

திரும்பி வரும்போது ப்ரூயிட் நம் வாசலில் நின்றிருந்தார். கையில் புதுச் சாவிக்கொத்து இருந்தது. இந்த மாதத்திலிருந்து இந்தப் பக்கத்துத் தபால் பை அவர் பொறுப்பாம்.

"கோர்ட்டுக்குப் போனீங்களாமே, பெரியவரே. குளிர்ல அலையாதீங்க. எங்களுக்கு நீங்க வேணும்."

"எது வரைக்கும் வேணும்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் உங்களுக்கு எங்களால எந்தத் தொந்தரவும் இருக்காது" என்றார். நல்ல உச்சரிப்பு அவருக்கு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

ஊற்றுக்கு மேலே நாற்பத்தொன்றாம் மரத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய் அடுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை பாறையை உடைக்கத் தொடங்குகிறார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் நான் போய் அந்தப் பாறைமேல் உட்காரப் போகிறேன். சோள ரொட்டியும், வாசிக்க உன் கடிதங்களும் கொண்டுபோகிறேன். நான் அங்கே இருக்கும்வரை திரியில் நெருப்பு வைக்கமாட்டார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் பத்திரமும் அதோடு போய்விடும். தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விடுவார்கள். மறுநாளும் போவேன். ஜூபலும் வருகிறேன் என்கிறான். அவன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் உயிருக்கு அவர்களிடம் எந்த மதிப்பும் இல்லை.

நெட்டியின் அப்பாவுக்கு நெஞ்சு சரியாக வேண்டும். நான் மறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அவனைப் பற்றி என்ன சொன்னேன் என்பதையும் மறக்கவில்லை. அதனால் போடாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நிலம் உன்னுடையது. கையும் உன்னுடையது. நீ எதைச் செய்தாலும் அன்று மாதிரி நான் வாசலில் நிற்கமாட்டேன்.

ஒன்று மட்டும். போடுவதென்று முடிவுசெய்தால், போடுவதற்கு முன்னால் எனக்குத் தெரியப்படுத்து. தபாலில் வேண்டாம், ஆள் கையில் அனுப்பு. ஆள் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று லெஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள். முழங்கால் முன்னைப்போல் இல்லை. அந்தப் பாறையிலிருந்து இறங்கிக் கீழே வர எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

உன் அப்பா,
ஏசா நேப்பியர்