தம்பியின் விரலில் கட்டிய கம்பி

அனுப்புபவர்:
திருமதி யசிந்தா சிமியோன்,
கடற்கரை வீதி, குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுபவர்:
சுகாதார அத்தியட்சகர் அவர்கள், யாழ்ப்பாணம்.

விடயம்: என் தம்பி கனிசியஸை மெசினில் சோதித்த கடதாசியைத் திருப்பித் தருவித்தலும், திங்கட்கிழமை அவனுக்குக் கறண்ட் பிடிப்பதைத் தடுத்தலும்

கனம் ஐயா,

1. முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மெசின் சரியோ என்று பார்க்க என் விரலில்தான் முதலில் கம்பி கட்டினார்கள். ஒருவரின் மனம் ஆணை நாடுகிறதா பெண்ணை நாடுகிறதா என்பதை விரல் வியர்வையும் நாடியும் காட்டிக்கொடுக்குமாம். ஊசி அதைக் கடதாசியில் கீறுமாம். ஆண் படத்துக்கும் பெண் படத்துக்கும் சும்மா கிடந்த ஊசி, இடையில் காட்டிய பாண் படத்துக்குத் துள்ளியது. அன்று வெள்ளிக்கிழமை. நான் ஒருசந்தி விரதம், காலையிலிருந்து பட்டினி.

2. இதைத் தொடக்கியவளும் நான்தான். எல்லாரையும் பகிடி பண்ணுகிற வாய் எனக்கு. தம்பிக்கு வயது முப்பத்தொன்று. மூன்று இடத்தில் பெண் பார்த்தும் மாட்டேன் என்றான். "அண்ணை, உவனுக்குப் பொம்பிளை தேடினது காணும், ஒரு மாப்பிளையைப் பாருங்கோ" என்று சோறு போடும்போது சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. மூத்த அண்ணை அடைக்கலநாதன் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த கிழமையே அவனை ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன்.

3. தம்பிக்குக் காட்டிய எட்டாவது படம் ஓர் ஆண். அந்த நேரம் கோட்டை ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தது. ஊசி கடதாசியை விட்டே வெளியே போனது. வைத்தியர் மேசைக்குக் கீழே போனார். கம்பி கட்டியிருந்தபடியால் தம்பியால் எழும்ப முடியவில்லை. ஹெலி போனபின் வைத்தியர் வெளியே வந்து, அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, "பாத்தியளோ" என்று அண்ணையிடம் காட்டினார்.

4. நெஞ்சு துடித்தது ஹெலிக்கா, படத்துக்கா என்று வழக்காட நான் வரவில்லை. எதற்கென்றாலும் அது அவனுடைய நெஞ்சு.

5. அன்று தொடக்கம் தம்பி ஒருவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பூசையிலும் தரையைத்தான் பார்க்கிறான். விரல்களை மடக்கி ஒளித்து வைத்திருக்கிறான். கிழிந்த வலை பொத்தவும் அவை விரிவதில்லை. "ஆரைக் கண்டால் என்ரை உடம்பு என்ன சொல்லுமோ, எனக்குத் தெரியேல்லை அக்கா" என்று ஒருமுறை சொன்னான். வீட்டில் சத்தம் அடங்கினால் ஊசி கீறுவது எனக்குக் கேட்கிறது. சட்டி கழுவினால் நிற்கிறது. கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவுகிறேன்.

6. வருகிற 17ஆம் திகதி அதே கதிரையில் இருத்தி, ஆண் படம் காட்டும்போதெல்லாம், அவனைத் திருத்தவென்று, அதே கம்பியில் கறண்ட் விடப்போகிறார்கள். அண்ணை கையெழுத்து வைத்துவிட்டார். தம்பியிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, அதற்கு முன் தாங்கள் ஒரு கடிதம் கொடுத்து இதை நிறுத்தி, அந்தக் கடதாசியை அவன் கையிலேயே கொடுப்பிக்க வேண்டும். என் கையிலும் வேண்டாம், அண்ணை கையிலும் வேண்டாம். அவன் தன் மனதைத் தானாகச் சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டாலும் சோறு போடுவேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
யசிந்தா சிமியோன்

குருநகர்,
1986.03.12

பி.கு: போன திங்கட்கிழமை நான் அங்கே போய், மேசையில் கிடந்த கடதாசிச் சுருளைத் தம்பியுடையதென்று நினைத்துச் சேலைக்குள் வைத்துக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். தம்பியுடையது வைத்தியரின் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. எரிந்தது ஓய்வுபெற்ற தபாலதிபர் தியாகலிங்கத்தின் இருதயச் சோதனை. அதை வாங்கிப்போக வந்த அவர், இன்று காலை நான் போனபோதும் அங்கே வாசல் வாங்கில் குந்திக் காத்திருந்தார்.