தூக்காத கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று நீ முணுமுணுப்பாய். ஆபீஸில் நாள் முழுக்க போனோடு கிடக்கிறேன், வீட்டிலுமா? நீ பதில் போட்டு ஆறு மாதம் ஆகிறது. பேனா பிடிக்க மறந்துவிட்டதா, தம்பியையே மறந்துவிட்டாயா?

நீ தைத்துக் கொடுத்த நீலச் சட்டைக்குக் காலர் பிய்ந்துவிட்டது. உன் தையலைக் குறை சொல்லவில்லை, என் கழுத்துதான் பெருத்துவிட்டது.

ஒரு விஷயம். ஐம்பதை நெருங்கும் பெண்கள் எல்லாரும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய், வெள்ளி நல்ல பெண் டாக்டர் இருக்கிறார். தள்ளிப்போடாதே. கட்டி என்றாலே கெட்டது என்று அர்த்தமில்லை. இடப்பக்கம் என்பதால் இதயம் அது இது என்று நீயாக எதையாவது நினைத்துப் பயந்துகொள்ளவும் வேண்டாம்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
கொசு

மார்ச் 13

அன்புள்ள கொசுவுக்கு,

எழுதாதது என் தப்புதான். பள்ளிக்கூடச் சீருடை இருநூறு ஜோடி வந்து உட்கார்ந்திருக்கிறது, நிமிர நேரமில்லை. சட்டையைக் கொடுத்தனுப்பு, காலர் மாற்றித் தருகிறேன்.

இப்போது நீ சொல். இடப்பக்கம் என்று உனக்கு யார் சொன்னது?

இடப்பக்கம் கட்டி இருப்பதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். டீச்சரிடம். உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஊரைக் கூட்டிவிடுவார். உன் கடிதம் வந்த அன்றே டீச்சர் வீட்டுக்குப் போனேன். "சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலை. உன் தம்பி நம்பர்கூட என்கிட்ட இல்லை" என்றாள். நான் நம்பவில்லை. வாசல் கேட்டில் நின்றுகொண்டு, தெருவே பார்க்க, "உன் வாயில எதுதான் தங்கியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷப் பழக்கம் கொசு. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள்தானே சொன்னாள்? ஆமாம் என்று ஒரு வரி எழுது. எனக்கு மனசு ஆறும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

யார் சொன்னால் என்ன? அதை விடு. டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா? அதை எழுது முதலில். இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள கொசுவுக்கு,

நீ பேரைச் சொல்லாததே எனக்குப் பதில். அவளைக் காட்டிக்கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் தைக்கக் கொடுத்திருந்த துணியைக் கத்தரி போடாமல் பக்கத்து வீட்டு மூலமாகத் திருப்பி அனுப்பினேன். இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறாள். அவள் குனிந்து போவதைப் பார்த்தால் கூப்பிட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஆனாலும் செய்தது செய்ததுதானே?

பரிசோதனைக்குத் தனியாகப் போய்வந்தேன். எப்போதும் அவள்தான் கூட வருவாள். ஊசி போட்டு எதையோ எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு, நீயும் படித்திருப்பாய். எல்லாருடைய போனையும் அரசாங்கம் பதிவு செய்து, ஆள் வைத்து ஒட்டுக்கேட்கிறதாம். அங்கேயே வேலை பார்க்கிற எவனோ பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டானாம். உன் மாமா, "தப்பு பண்றவன்தான் பயப்படணும், நமக்கென்ன?" என்கிறார். முடிவெட்டுகிறவர் கடையிலும் அதே பேச்சுதானாம். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என் பேச்சு முழுக்கப் பட்டனும் கொக்கியும். கேட்கிறவன் தூங்கிப்போவான், பாவம். மறைக்க என்ன இருக்கிறது நம்மிடம்?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

அந்த எவனோ நான்தான்.

நான் பதிவேடு எழுதுகிறவன் என்று உன்னிடம் சொல்லி வந்தது பொய். ஜன்னல் இல்லாத ஓர் அறை. முப்பத்திரண்டு நாற்காலி. காதில் மாட்டிக்கொண்டு, ஊர் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதுவது வேலை. பதினோரு வருஷம். அங்கே ஒரு விதி உண்டு. தெரிந்தவர் குரல் வந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும். மேற்பார்வையாளர் வந்து அந்தப் பதிவைப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிடுவார். நான் இரண்டு தடவை தூக்கியிருக்கிறேன். ஒன்று நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு, இன்னொன்று கூடப் படித்தவனுக்கு.

பிப்ரவரியில் ஒரு நாள் உன் குரல் வந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

உன் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது அக்கா. நீ டீச்சரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆறு மாதமாக நீ எழுதவில்லை, இது போதும் என்று தோன்றியது. அப்புறம் மிஷின் நின்றது. நீ கட்டியைப் பற்றிச் சொன்னாய். அந்த முதல் நாள் தானாக வந்த பதிவு. அதற்கப்புறம் எட்டு நாள் நானே உன் நம்பரைத் தட்டிக் கேட்டேன். டாக்டரைப் பார்ப்பாயா மாட்டாயா என்று தவிப்பு. அக்கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருட்டுத்தான்.

டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீ ஒரு வரி கேட்டாய். இல்லை என்று எழுதினால், பிறகு யார் என்பாய். வேலை போகும், உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்து மழுப்பினேன். என் பயத்துக்கு அவரைப் பலி கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. விதிகளையும் பட்டியல்களையும் கொண்டுபோய்ப் பத்திரிகையில் கொடுத்தேன்.

தைரியசாலி என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கவே கூசியது. தூக்காத கையைப் பற்றி அவர்களிடம் நான் மூச்சுவிடவில்லை. நேற்று விசாரணையில் அதையும் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று. மற்றது போகப் போகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டு. என்னை மன்னிக்க வேண்டாம். அவரிடம் மன்னிப்புக் கேள்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

காட்டினேன்.

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னதையும் உன் தம்பி கேட்டாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் போனில் கட்டியைச் சொல்லி அழுதபோது, என்னைத் தேற்றுவதற்காக அவள் தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதத் தேவையும் இல்லை, உனக்குத்தான் தெரியுமே. இருபத்தாறு வருஷம் பழகி நான் பெற்றதை, நீ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டாய்.

"உன்மேல கோபம் இல்லை" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. இன்றைக்கு அவள் வீட்டில் போன் கனெக்ஷனையே எடுத்துவிட்டார்கள்.

மறைக்க என்ன இருக்கிறது என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என்னுடையதை வேண்டுமானால் நான் சிரித்துத் தள்ளலாம். அவளுடையதைத் தள்ள நான் யார்? அவளைத் தெருவில் நிற்க வைத்ததும் நான்தான், நீ இல்லை. அந்த வெட்கம் எனக்குத் தனியாக இருக்கிறது.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கட்டியைப் பற்றியும். "எனக்கு முன்னாடி அரசாங்கத்துக்குத் தெரியுமா?" என்றார். அதற்கப்புறம் சாப்பிடவில்லை. பத்திரிகைக்குக் கொடுத்தது நல்ல காரியம்தான் என்று இப்போது ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள். இருக்கலாம். அதைப் பாராட்ட எனக்குத் தெம்பில்லை.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அதை எழுதப் போவதில்லை. என்னைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நாலு பேரைப் போல வாய்திறந்து விசாரி. சொல்வதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் சொன்னதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. குறிப்பிலும் எழுதவில்லை. இதைச் சொல்லி நல்லவனாகிவிடப் பார்க்கவில்லை. கேட்டதைக் கேட்காததாக ஆக்க எனக்கு வழி தெரியவில்லை. அவருக்கு எழுதலாமா? கூடாதென்றால் எழுதமாட்டேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி