ஏற்றத்தில் நின்ற வண்டி

என் தங்க அப்பாவுக்கு,

உன் மாப்பிள்ளை இன்று காலை காரை விற்க இருந்தார். நான் விற்க விடாமல் செய்துவிட்டேன். அப்போதிலிருந்து சாப்பிடவில்லை. தட்டில் சாதம் போட்டேன், நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தேன், இந்தத் தமிழ் நானாகக் கற்றுக்கொண்டது. பிழை இருந்தால் நீ எப்போதும்போலத் திருத்திப் படித்துக்கொள்.

அந்தக் காரை உனக்காகத்தான் வாங்கினோம். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். திரும்பி வரும்போது ஆட்டோ குலுக்கலில் ஸ்ரீவராகத்தில் நம் வீடு வருவதற்குள் உனக்குக் குமட்டிவிடும். இவருக்கோ இடது முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாகத் தேடினார். விற்றவர் நெற்றியில் சந்தனத்தோடு மரியாதையாகப் பேசினார். டாக்டர் ஓட்டிய வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றார். நாமும் அப்படித்தான் எடுத்தோம்.

பூஜை போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா அப்பா? பிள்ளையார் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இவர் கியரைப் போட்டு மிதித்தார். என்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. இவர் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உதறலோடு பாய்ந்து பழத்தை நசுக்கியது.

"பிள்ளையார் விட மனசில்லாம பிடிச்சு வெச்சுண்டிருக்கார், கேட்டேளா. நல்ல சகுனமாக்கும்" என்றார் பூஜை செய்தவர்.

நாம் கைகூப்பினோம். நான் கூடுதலாக ஒரு தேங்காய் வேறு உடைத்தேன். கியர் பெட்டி செத்துக்கொண்டிருந்ததை அனுக்கிரகம் என்று எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் சாமி நம்பிக்கை குறைந்தவர்களாக இருந்திருந்தால், அங்கிருந்து நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்போமோ? இப்படி நினைப்பதே பாவமா? எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் அணைத்துக் கொடுத்தார்கள், மறுபடி எரிந்தது. பின்னால் நீலப் புகை. என் வீட்டுக் கணக்கில் பால், காய்கறிக்குக் கீழே என்ஜின் ஆயிலும் வழக்கமாக இடம் பிடித்தது. கியர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த எண்ணெய் கருகிக் கறுத்திருந்தது. பெட்டியை மாற்றுவது நம்மால் முடிகிற காரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் போதும், நிதானமாக ஓட்டுகிறேன் என்றார் இவர். அவரை எப்படிக் குற்றம் சொல்வது? உன்னை முன் சீட்டில் உட்கார்த்தி, பெல்ட் உன் வயிற்றை அழுத்தாமல் நடுவில் துண்டை மடித்து வைப்பார். நீயும் ஜன்னலை இறக்கிவிட்டு, தெருக்காரர்கள் பார்க்கிறார்களா என்று பார்ப்பாய்.

அந்தக் கடைசிப் பயணத்தில் உனக்கு எவ்வளவு நினைவு இருந்தது என்று தெரியாது. அதனால் சொல்கிறேன். காலையிலிருந்தே உனக்கு மூச்சு வாங்கியது. நல்ல மழை. பட்டம் ஜங்ஷன் தாண்டி ஏற்றத்தில் வண்டிக்கு இழுவை விட்டுப் போயிற்று. என்ஜின் அலறுகிறது, வண்டி பின்னால் சரிகிறது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். "வண்டி மாத்தெடோ" என்று ஓரங்கட்டச் சொல்லி யாரோ கத்தினார்கள். இவர் மழையில் இறங்கி ஒவ்வொரு வண்டிக்கும் கையைக் காட்டினார். கடைசியில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவரும் இவருமாக உன்னைத் தூக்கி ஏற்றினார்கள். உன் தலை என் தோளில் இருந்தது. அது உனக்குத் தெரிந்ததா?

மறுநாள் நீ போய்விட்டாய். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இவர் டாக்டரிடம் கேட்டார். நுரையீரல் முழுக்க நீர் கட்டியிருந்தது, ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை. இவர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் மகள் உரிமையை நான் தர்ப்பையோடு கையில் கொடுக்க, உனக்கு எல்லாக் காரியங்களையும் இவர்தான் செய்தார். மாதா மாதம் எள்ளும் தண்ணீரும் விடுகிற மாசிகமும் அவரேதான். ஒர்க்‌ஷாப்பில் புது எண்ணெய் ஊற்றி ஓடும்படி செய்து காரை அனுப்பியிருந்தார்கள், ஏற்றத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லித்தான். அது வாசலிலேயே நின்றது. இவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வெளியே போவார், வருவார்.

இன்று அதை வாங்க ஒருவர் வந்தார். மலையடிவாரத்து விதுராவில் கடை வைத்திருக்கிறார், சொந்த ஊர் போனக்காடு எஸ்டேட். கூடவே அவர் அம்மா. அந்த அம்மாவை மலையிலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டி வர வேண்டுமாம், அதற்குத்தான் கார். அவர்கள் வருவதற்கு முன்பே இவர் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான வண்டி கியர் போட்டதும் கிளம்பிவிடும், சமதரையில் ஓட்டிப் பார்த்தால் குறை தெரியாது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா நீ உட்கார்ந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டிப் பார்த்தாள். "எங்க மலை ஏறுமாய்யா?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடிண்டு எடுக்கலாம்" என்றார் உன் மாப்பிள்ளை.

அதற்குமேல் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. ஈரக் கையோடு வாசலுக்குப் போனேன்.

"ஏறாது அம்மா. கியர் பெட்டி போயாச்சு. எங்கப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிண்டு போறச்சே ஏத்தத்திலே நின்னுடுத்து. அவர் இப்போ இல்லை."

அந்த அம்மா மெதுவாகக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என் கையைத் தொட்டாள். மகன்தான் இவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் சாரே. எங்களுக்கும் வயசான அம்மாதான்."

குரல் உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. இவர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றார்.

உள்ளே வந்ததும், "பணத்துக்காகவா விக்கறேன்னு நெனைச்சே? அது வாசல்ல நின்னா எனக்கு மூச்சு முட்டறது, காமு" என்றார். கொஞ்சம் கழித்து, "நான்தான் அவரைக் கொன்னேன்னு தெருவிலே வெச்சுச் சொல்லிட்டே. இனிமே மாசிகத்துக்கு வேற ஆளைப் பாரு. இந்தக் கையாலே அவருக்கு வேண்டாம்."

நான் அப்படிச் சொல்லவில்லை அப்பா. ஆனால் அவர் காதில் அப்படித்தானே விழுந்திருக்கும்? கியர் பெட்டி போயிற்று என்பதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னை எதற்கு அங்கே இழுத்தேன்? சாயங்காலம் விளக்கேற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவைக் காப்பாற்றினேன் என்ற நிம்மதி வரவில்லை. இவருடைய முகம்தான் வந்தது.

பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியை உடைப்பதற்கு மட்டும்தான் கொடுப்பேன், ஓட்டுவதற்கு இல்லை. வாசலில் அந்த அம்மாவிடம் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

ஆனால் தர்ப்பையை வேறு எவர் கையிலும் கொடுக்கவும் மாட்டேன். நாளைக்கும் பேசுவேன், மறுநாளும் பேசுவேன், அவர் கதவைச் சாத்திக்கொண்டால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவேன். அடுத்த மாசிகத்தன்று அவரை மணையில் உட்கார வைக்க வேண்டியது என் பொறுப்பு. எள்ளும் தண்ணீரும் உனக்கு அவர் கையிலிருந்துதான் வரும். நீ மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் அப்பா. வாங்கிக்கொண்டாய் என்பது அவருக்குத் தெரியும்படி வாங்கிக்கொள்.

உன் ஒற்றைப் பெண்,
உன் மாப்பிள்ளையின் ஆத்துக்காரி,
காமு