நான்காம் தொட்டியில் ஒரு பள்ளம்

ஜூன் 4, புதன்

பசை ஆலைச் சோதனைக்கூடத்தில் கரைப்பான்களோடு பதினொரு வருடம் குடும்பம் நடத்தியதில் கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. மகள் ஒரு கிரீமைக் கைப்பையில் திணித்தாள். "நாளைலேர்ந்து போட்டுக்கோம்மா. உன் கை உப்புத்தாள் மாதிரி இருக்கு." வாய்க்கொழுப்பைப் பார்!

ஜூன் 5, வியாழன்

காலையில் மூன்று தொட்டிப் பசையைச் சோதித்தேன், கலப்பில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மகள் சொன்னாளே என்று கிரீம் பூசினேன். கையுறை வழுக்கியது, கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நான்காம் தொட்டியில்தான் வந்தது வினை.

பசையில் ஒரு சொட்டை அகச்சிவப்புக் கருவியின் படிகத்தில் வைத்தால், எந்தப் பிணைப்பு எந்த ஒளியை விழுங்குகிறதோ அந்த எண்ணுக்கு நேரே திரைக்கோட்டில் ஒரு பள்ளம் விழும். இன்று 1740-இல், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு பள்ளம். 2900 பக்கமும் ஆழம் கூடுதல். கொழுப்புச் சமாச்சாரம். படிகத்தைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை ஓட்டினேன். அதே பள்ளம். "எண்ணெய்க் கலப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

நான்காம் தொட்டி விசில்காரருடையது. வேலை முழுக்க விசிலடிப்பார், அதனால் அந்தப் பெயர். போன வருடம் எண்ணெய் சிந்தி எச்சரிக்கை வாங்கியவர். மேலாளர் என் காகிதத்தை ஆட்டிக்கொண்டே அவரிடம், "ரெண்டாவது தடவை. இனிமே வர வேணாம்" என்றார்.

விசில்காரர் என்னைப் பார்த்தார். "என் தொட்டியில எண்ணெயா? சத்தியமா இல்லம்மா. நல்லாப் பாருங்க."

"கருவி பொய் சொல்லாதுண்ணே" என்றேன். பெரிய இவள் மாதிரி!

ஆனால் மனசு கேட்கவில்லை. அதே பசையைத் தொட்டியடியிலேயே பிடித்து மூடி முத்திரையிட்ட இன்னொரு குப்பி இருந்தது. அதைக் கல்லூரிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மேலாளரிடம் கெஞ்சிப் புதன்கிழமை வரை அவகாசம் வாங்கினேன். அதுவரை விசில்காரர் வீட்டில். தொட்டிகளைக் கழுவ ஆலைக்கும் நிறுத்தம்.

ஜூன் 7, சனி

சமையலில் உப்புப் போட்டேனா? வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்படியென்றால் போடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

'காந்தம்' கூப்பிட்டான். என்னோடு படித்தவன், கல்லூரியின் காந்த ஒத்ததிர்வுக் கருவியை ஓட்டுகிறான். அதற்குள் வைத்தால் ஒவ்வொரு ஹைட்ரஜனும் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிடும். கொழுப்பாக இருந்தால் அதன் வரைபடத்தில் 1.2 பக்கம் கோபுரம் மாதிரி நிற்க வேண்டும்.

"அங்க ஈ காக்கா இல்லடி."

"உன் மெஷின் தூங்குதா?"

"மெஷின் முழிச்சுதான் இருக்கு. நீ தூங்கினியான்னு பாரு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வியாழக்கிழமை நான் சோதித்த குப்பியை எடுத்து, கையுறை மாட்டி, ஓட்டினேன். பள்ளம் இல்லை. எங்கே போயிற்று? நான் அன்று என்னதான் செய்தேன் — கையுறை! கழற்றினேன். கிரீம் பூசி, அன்று போலவே விரலால் துடைத்து, வெறும் படிகத்தை ஓட்டினேன். 1740. அச்சு அசலாக.

அடிப் பாவி! தொட்டியில எண்ணெயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் கைதான். துடைக்கத் துடைக்க நானேதான் பூசியிருக்கேன். சிரிப்பு வந்தது. விசில்காரர் முகம் நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

ஜூன் 11, புதன்

மேலாளர் அறை வாசலில் மூன்று முறை நடந்தேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன்: "கலப்பு தொட்டியில இல்ல சார். என் கையில."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். விசில்காரருக்கு வேலை திரும்பியது, என் பெயரில் ஓர் எச்சரிக்கை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. போகட்டும்.

நேரே விசில்காரர் வீட்டுக்குப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திண்ணையிலிருந்து எழுந்தார். உள்ளே போய்விடுவாரோ என்று பயந்தேன். பிறகு கையைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு நாளா வீட்டுல பாத்திரம் தேய்ச்சே என் கையும் வெடிச்சுப்போச்சு. அந்த கிரீம் பேரு என்னம்மா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாம். பரண் சுத்தம் பண்ற வேலை பாக்கி இருக்கு" என்றார். மூவரும் சிரித்தோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்றுமுதல் புது வழக்கம். நான்தான் மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். சொட்டு வைக்கும் முன் வெறும் படிகத்தை ஓட்டி, அந்தத் தொட்டிக்காரரும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

விசில்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். "ஒன்னுமே இல்லையேம்மா."

"ஒன்னும் இருக்கக்கூடாதுண்ணே."

அவசரமே இல்லாமல் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். 1740 மேல் விரல் வைத்தார். "இங்கதானே?"

"அங்கதான்."

இன்னொரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப நீங்க போடுங்க."